'சஸ்பெக்ட்' எந்தப் பக்கம் சாய்கிறது?

அலுவலகத்தில் பணம் காணாமல் போகிறது. ஊழியர் ஒருவர் மேலாளருக்கு ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதுகிறார்: 'ஐ டவுட் ஹி டுக் த மணி.' பணத்தை அவன்தான் எடுத்திருப்பான் என்று தனக்குச் சந்தேகம் இருப்பதை அவர் தெரிவித்துவிட்டதாக நினைக்கிறார். ஆங்கிலத்தில் பழகிய மேலாளரோ அதை இப்படிப் படித்துக்கொள்கிறார்: 'அவன் பணத்தை எடுத்திருப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை.' குற்றச்சாட்டாகப் புறப்பட்ட கடிதம் நற்சான்றிதழாகப் போய்ச் சேர்கிறது.

அங்கே வரவேண்டிய சொல் 'சஸ்பெக்ட்'. இலக்கணப்படி வாக்கியத்தில் ஒரு பிழையும் இல்லை என்பதால் எழுத்துப் பிழை திருத்தும் மென்பொருளும் வாயைத் திறக்காது. பொருள் மட்டும் தலைகீழாகிவிடும். தமிழர்கள் ஆங்கிலத்தில் தடுக்கி விழும் இடங்களில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன்.

இரண்டு சொற்களையும் நாம் 'சந்தேகம்' என்றே படித்து வளர்ந்தோம். ஆனால் இரண்டிலும் மனம் சாயும் திசை வேறு. ஒன்று உண்மையாக இருக்கும் என்ற பக்கம் மனம் சாய்ந்தால் சஸ்பெக்ட். உண்மையாக இருக்காது என்ற பக்கம் சாய்ந்தால் டவுட். 'ஐ சஸ்பெக்ட் ஹி இஸ் லையிங்' என்றால் அவன் பொய் சொல்கிறான் என்றே நினைக்கிறேன் என்று பொருள். 'ஐ டவுட் ஹி இஸ் லையிங்' என்றால் அவன் பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை.

தமிழில் இந்த வேறுபாடு இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. நம்மிடமும் இருக்கிறது, சந்தேகம் என்ற சொல்லில் இல்லாமல் அதற்கு முன்னால் வரும் சொல்லின் வாலில் இருக்கிறது. 'அவன் வருவானா என்பது சந்தேகம்' என்று சொன்னால் அவன் வரமாட்டான் என்றுதான் கேட்பவர் புரிந்துகொள்கிறார். 'அவன்தான் எடுத்தான் என்று சந்தேகம்' என்றால் அவன்மேல் பழி விழுகிறது. 'எடுத்திருப்பானோ என்று சந்தேகம்' என்றாலும் பழி விழுகிறது, கொஞ்சம் மெதுவாக. ஆக, ஆங்கிலத்தில் எழுதுவதற்கு முன் தமிழ் வாக்கியத்தின் வாலைப் பாருங்கள். 'வருவானா', 'முடியுமா', 'உண்மையா' என்று 'ஆ' வந்து நின்றால் டவுட். 'என்று' வந்தால், அதற்கு முன் 'தான்' அல்லது 'ஓ' இருந்தால், சஸ்பெக்ட். நூற்றுக்கு நூறு பொருந்தும் விதி என்று சொல்லமாட்டேன். மின்னஞ்சல் எழுதும் அவசரத்துக்கு இது போதும்.

நம்முடைய பழைய இலக்கண உரைகளில் ஐயத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு திரும்பத் திரும்ப வரும்: 'குற்றியோ மகனோ'. மங்கிய வெளிச்சத்தில் தூரத்தில் ஏதோ நிற்கிறது. மரக்கட்டையா, மனிதனா? மனம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. டவுட் என்ற சொல்லின் பிறப்பும் இதற்குப் பக்கத்தில்தான். அதன் மூலமான லத்தீன் வினை 'டுபிடாரே', இரண்டு என்ற எண்ணோடு உறவுடையது. (அந்த ஆங்கிலச் சொல்லில் எழுத்தில் மட்டும் இருந்து வாயில் வராத 'பி' ஒன்று இருக்கிறதே, அது லத்தீன் மூலத்தை நினைவூட்டுவதற்காகப் படித்தவர்கள் பிற்காலத்தில் செருகியது. பள்ளிப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக அதற்குத் தண்டம் கட்டுகிறார்கள்.) சஸ்பெக்ட் அந்த நடுநிலையைத் தாண்டிய சொல். நிற்பது மனிதன்தான் என்று முடிவுகட்டி, இந்த நேரத்தில் இவனுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்கும் மனநிலை அது.

அதன் மூலமும் லத்தீன்தான். 'கீழ்' என்று பொருள்படும் ஒட்டும் 'பார்' என்னும் வினையும் சேர்ந்து பிறந்தது. அதே பார்வை வேரிலிருந்துதான் இன்ஸ்பெக்டரும் வந்தார், ரெஸ்பெக்ட்டும் வந்தது. லத்தீனில் அந்த வினைக்கு அண்ணாந்து வியந்து பார்ப்பது என்ற பொருளும் இருந்தது. ஆங்கிலத்தில் நிலைத்ததோ நம்பாமல் பார்க்கும் பார்வை. ஒலியில் பக்கத்தில் இருக்கும் 'சஸ்பெண்ட்' இந்தக் குடும்பமே அல்ல. அது தொங்கவிடுவது என்ற வேறொரு வேரிலிருந்து வந்தது. சஸ்பெக்ட் ஆனவர் சஸ்பெண்ட் ஆவது அலுவலக நடைமுறை, சொற்பிறப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை.

குற்றமே இல்லாத இடத்திலும் இந்தச் சொல் வரும். ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் 'ஐ சஸ்பெக்ட்' என்பதை 'எனக்கு என்னவோ அப்படித்தான் தோன்றுகிறது' என்ற அளவில் நாள்தோறும் பயன்படுத்துகிறார்கள். 'ஐ சஸ்பெக்ட் யூ ஆர் டயர்ட்' என்றால் 'நீங்கள் களைத்திருக்கிறீர்கள் போலிருக்கிறது' என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. இதை 'நீங்கள் களைத்திருப்பதாகச் சந்தேகிக்கிறேன்' என்று மொழிபெயர்த்தால், களைப்பு ஏதோ தண்டனைக்குரிய குற்றம் போல ஆகிவிடும். ஆங்கிலத்திலிருந்து வரும் கட்டுரைகளில் 'விஞ்ஞானிகள் சந்தேகிக்கிறார்கள்' என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். 'அந்தக் கோளின் மேற்பரப்புக்கு அடியில் கடல் இருப்பதாக விஞ்ஞானிகள் சந்தேகிக்கிறார்கள்' என்றால் தமிழ் வாசகர் என்ன நினைப்பார்? கடல் இருப்பதை அவர்கள் நம்பவில்லை என்று நினைப்பார். மூலத்தில் சொன்னது அதற்கு எதிர். 'கருதுகிறார்கள்', 'ஊகிக்கிறார்கள்' என்று எழுதினால் தீர்ந்தது.

இந்த மென்மையான 'ஐ சஸ்பெக்ட்' சில சமயம் மிகவும் கூர்மையானது என்பதையும் சொல்லவேண்டும். 'ஐ சஸ்பெக்ட் யூ ஹாவ் நாட் ரெட் த ரிப்போர்ட்' என்று ஒருவர் எழுதினால் அவருக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. நீங்கள் அறிக்கையைப் படிக்கவில்லை என்பது அவருக்கு உறுதியாகத் தெரியும். மரியாதைக்காக ஊகம் போலச் சொல்கிறார். அதற்குப் பதிலாக, 'தங்கள் சந்தேகத்தைத் தீர்த்துவைக்க விரும்புகிறேன்' என்று பணிவாக எழுதிவிடாதீர்கள்.

வாக்கிய அமைப்பில் நாம் வழக்கமாகச் செய்யும் தவறு, தமிழின் 'மேல்' உருபை ஆங்கிலத்துக்கும் தூக்கிக்கொண்டு போவது. 'அவன்மேல் சந்தேகப்படுகிறேன்' என்று மனத்தில் ஓட, கை 'ஐ சஸ்பெக்ட் ஆன் ஹிம்' என்று எழுதிவிடுகிறது. வினையாக வரும்போது நடுவில் எதுவும் வேண்டாம்: 'ஐ சஸ்பெக்ட் ஹிம்'. எதற்காகச் சந்தேகம் என்று சொல்ல 'ஆஃப்' போடவேண்டும்: 'தே சஸ்பெக்ட் ஹிம் ஆஃப் சீட்டிங்', அவன் ஏமாற்றியதாக அவர்களுக்குச் சந்தேகம். பெயர்ச்சொல்லான 'சஸ்பிஷன்' வந்தால் மட்டும் நம்முடைய 'மேல்' அப்படியே செல்லுபடியாகிறது: 'சஸ்பிஷன் ஃபெல் ஆன் ஹிம்', சந்தேகம் அவன்மேல் விழுந்தது. இன்னொன்று, 'ஐ ஆம் சஸ்பெக்டிங்' என்ற நிகழ்காலத் தொடர் வடிவம். நினைப்பது, நம்புவது போல இதுவும் மனநிலையைச் சொல்லும் வினை. 'ஐ சஸ்பெக்ட்' என்பதே போதும்.

சாய்வைப் பற்றி மேலே சொன்னதற்கு ஒரு விலக்கு உண்டு. சஸ்பெக்ட்டுக்குப் பின்னால் வாக்கியமோ ஆளோ வராமல், நோக்கம், நேர்மை போன்ற ஒரு குணம் வந்தால் அது நம்பிக்கையின்மையைக் குறிக்கும். 'ஐ சஸ்பெக்ட் ஹிஸ் மோட்டிவ்ஸ்' என்றால் அவன் நோக்கம் நல்லதாக எனக்குப் படவில்லை. அந்த ஓர் இடத்தில் டவுட்டும் சஸ்பெக்ட்டும் ஏறக்குறைய ஒரே பந்தியில் உட்கார்ந்துவிடுகின்றன.

ஒலிப்பிலும் கவனம் வேண்டும். வினையாக வரும்போது அழுத்தம் பின்னசையில் விழும்: சஸ்-பெக்ட். சந்தேகத்துக்குரிய ஆள் என்ற பெயராகவோ, நம்பத்தகாத என்ற அடைமொழியாகவோ வந்தால் முன்னசையில். 'ரெக்கார்ட்', 'பெர்மிட்' போன்றவற்றிலும் இதே ஆட்டம்தான்.

அந்தப் பெயர்ச்சொல்லுக்கு வருவோம். செய்திகளில் தினமும் புழங்குவது அதுதான். 'சஸ்பெக்ட்' என்றால் சந்தேக நபர். வழக்கு பதிவாகிக் குற்றம் சாட்டப்பட்டால் அவர் 'அக்யூஸ்ட்'. நீதிமன்றம் குற்றம் நிரூபணமானதாகத் தீர்ப்பளித்தால்தான் 'கன்விக்ட்', குற்றவாளி. இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பும் பழக்கம் எல்லா மொழி ஊடகங்களிலும் இருக்கிறது. கைதான அன்றே 'குற்றவாளி பிடிபட்டான்' என்று தலைப்புப் போடுகிறார்கள். நீதிபதிக்கு வேலையே இல்லை.

இதற்கு நேர்மாறான தவறு ஒன்று ஆங்கிலச் செய்திகளில் மலிந்து கிடக்கிறது. 'த சஸ்பெக்ட் என்டர்ட் த பேங்க் அண்ட் ஃபயர்ட் டூ ஷாட்ஸ்' என்று எழுதுவார்கள். சந்தேக நபர் வங்கிக்குள் நுழைந்து இருமுறை சுட்டாராம். வங்கிக்குள் சுட்டவன் கொள்ளையன். அவன் யார் என்று இன்னும் தெரியாவிட்டாலும் அவன் கொள்ளையன்தான். சந்தேக நபர் என்பவர், அந்தக் கொள்ளையன் இவராக இருக்கலாம் என்று போலீஸ் கருதும், பெயரும் முகமும் உள்ள ஒரு மனிதர். எச்சரிக்கையாக எழுதுவதாக நினைத்துக்கொண்டு 'சந்தேக நபர் சுட்டார்' என்று எழுதினால், பிடிபட்ட மனிதர்தான் சுட்டார் என்று தீர்ப்பு எழுதியதாகிவிடும். 'முகமூடி அணிந்த ஒருவர் சுட்டார். அதன் தொடர்பில் ஒருவர் கைதாகியிருக்கிறார்' என்று இரண்டையும் பிரித்து வைப்பதே நேர்மை.

சட்டத்தில் இந்தச் சொல்லுக்கு ஒரு படிநிலை இருக்கிறது. அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் நகரில் 1963 அக்டோபர் 31 பிற்பகலில் நடந்தது இது. சாதாரண உடையில் இருந்த ஒரு துப்பறிவாளர் தெருமுனையில் நிற்கும் இருவரைக் கவனிக்கிறார். ஒருவன் கடைகளை ஒட்டி நடந்து போகிறான். ஒரு கடையின் கண்ணாடிக்குள் எட்டிப் பார்க்கிறான். கொஞ்ச தூரம் போய்த் திரும்புகிறான். அதே கண்ணாடிக்குள் மறுபடியும் பார்த்துவிட்டு முனைக்கு வந்து மற்றவனோடு பேசுகிறான். அடுத்து மற்றவன் அதே போலப் போய்வருகிறான். மாறி மாறிப் பத்து, பன்னிரண்டு நடை. நடுவில் மூன்றாவது ஆள் ஒருவன் வந்து பேசிவிட்டுப் போகிறான். கொள்ளைக்கு நோட்டம் பார்க்கிறார்கள் என்று நினைத்த துப்பறிவாளர் அவர்களை நிறுத்தி, மேலுடையைத் தடவிப் பார்க்கிறார். இருவரிடம் துப்பாக்கி இருந்தது. கைது செய்ய வேண்டிய அளவுக்கு ஆதாரம் இல்லாதபோது ஒருவரை இப்படி நிறுத்திச் சோதிக்கலாமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. 'டெர்ரி எதிர் ஓஹையோ' என்ற அந்த வழக்கில் 1968-இல், எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில், நிறுத்தியது செல்லும் என்று தீர்ப்பு வந்தது.

தீர்ப்பில் சொல்விளக்கம் தேடுபவருக்குப் பயன்படும் பகுதி, வெறும் உள்ளுணர்வையும் நியாயமான சந்தேகத்தையும் பிரித்த இடம். 'எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை' என்று ஒரு போலீஸ்காரர் சொன்னால் போதாது. இன்னதைப் பார்த்தேன், அதனால் இப்படி நினைத்தேன் என்று குறிப்பான உண்மைகளைச் சுட்டிக்காட்ட முடியவேண்டும். அந்தப் பன்னிரண்டு நடைதான் அங்கே சந்தேகத்துக்குக் கால் கொடுத்தது. 'ரீசனபிள் சஸ்பிஷன்' என்று அங்கே வழங்குவது இதைத்தான். இங்கிலாந்தின் 1984 ஆம் ஆண்டுக் காவல்துறைச் சான்றுச் சட்டமும் சந்தேகத்துக்கு நியாயமான அடிப்படை இருக்கவேண்டும் என்றே கேட்கிறது.

இப்போது படியின் உச்சிக்குப் போனால், குற்றவாளி என்று தீர்ப்பளிக்க 'பியாண்ட் ரீசனபிள் டவுட்', நியாயமான ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கவேண்டும் என்று இருக்கிறது. கீழ்ப்படியில் சஸ்பிஷன், மேற்படியில் டவுட். தமிழில் இரண்டையும் 'சந்தேகம்' என்று எழுதும்போது இதன் அழகு மறைந்துவிடுகிறது. கீழே இருப்பது 'இவன் செய்திருப்பான்' என்று சாயும் மனம். விசாரணையைத் தொடங்கிவைப்பது அது. மேலே இருப்பது 'இவன் செய்திருக்கமாட்டானோ' என்று சாயும் மனம். குற்றம் சாட்டப்பட்டவரைக் காப்பாற்றுவது அது. போலீஸின் சந்தேகம் ஒருவரை உள்ளே கொண்டுபோகிறது, நீதிபதியின் சந்தேகம் வெளியே விடுகிறது. 'சந்தேகத்தின் பலன்' குற்றம் சாட்டப்பட்டவருக்குப் போவது இந்த இரண்டாவது சந்தேகத்தால்.

மருத்துவத்திலும் இப்படி ஒரு படி உண்டு. தொற்றுநோய்க் கணக்கெடுப்பில் 'சஸ்பெக்டட்', 'ப்ராபபிள்', 'கன்ஃபர்ம்ட்' என்று நோயாளிகளைப் பிரிப்பார்கள். அறிகுறி மட்டும் இருப்பவர் முதல் வகை, ஆய்வக முடிவு வந்தவர் கடைசி வகை. ஆகவே அங்கே சஸ்பெக்டட் என்று எழுதியிருந்தால் நோய் உறுதியாகிவிட்டது என்று பதறவேண்டியதில்லை. மருத்துவர் உங்கள் பேச்சை நம்பவில்லை என்றும் பொருளில்லை.

அடுத்தது 'சஸ்பிஷஸ்'. இது இருமுகச் சொல். 'ஹி இஸ் சஸ்பிஷஸ்' என்றால் அவன் சந்தேகப்படுகிறான் என்றும் கொள்ளலாம், அவனைப் பார்த்தால் சந்தேகம் வருகிறது என்றும் கொள்ளலாம். முதலாமவன் தமிழில் சந்தேகப் பிராணி, இரண்டாமவன் சந்தேகத்துக்கிடமான ஆள். ஒரே சொல் போலீஸ்காரருக்கும் பொருந்தும், அவர் துரத்துகிறவனுக்கும் பொருந்தும். பிரித்தறிய வழி இருக்கிறது. பின்னால் 'ஆஃப்' வந்தால் சந்தேகப்படுபவர்: 'ஷீ இஸ் சஸ்பிஷஸ் ஆஃப் ஸ்ட்ரேஞ்சர்ஸ்', முன்பின் தெரியாதவர்களை அவள் நம்புவதில்லை. 'லுக்ஸ்', 'சவுண்ட்ஸ்' போன்ற வினைக்குப் பின்னால் வந்தால் பெரும்பாலும் சந்தேகத்தைக் கிளப்புவது. பொட்டலம், மின்னஞ்சல், மரணம் ஆகியவை தாமாகச் சந்தேகப்படப்போவதில்லை என்பதால் அங்கே குழப்பமே கிடையாது.

'அபவ் சஸ்பிஷன்', சந்தேகத்துக்கு அப்பாற்பட்ட, என்ற தொடருக்குப் பின்னால் ஒரு ரோமாபுரிக் கதை இருக்கிறது. கி.மு. 62-இல் ஜூலியஸ் சீசர் வீட்டில் பெண்கள் மட்டும் கலந்துகொள்ளும் ஒரு வழிபாடு. குளோடியஸ் என்பவன் பெண் வேடத்தில் உள்ளே புகுந்து பிடிபட்டான். சீசரின் மனைவி பொம்பேயாவைப் பார்க்கத்தான் வந்தான் என்று ஊர் பேசியது. சீசர் அவளை விவாகரத்து செய்தார். ஆனால் குளோடியஸ்மீது வழக்கு நடந்தபோது, தனக்கு எதுவும் தெரியாது என்றார். பின் எதற்காக விவாகரத்து என்று கேட்டதற்கு, தன் மனைவிமேல் சந்தேகத்தின் நிழல்கூட விழக்கூடாது என்ற கருத்தில் பதில் சொன்னதாக வரலாற்றாசிரியர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். குளோடியஸ் விடுதலையானான். பொம்பேயாவிடம் யாரும் எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை. இன்றைக்கும் பொது வாழ்வில் இருப்பவர்களின் நேர்மையைப் பேசும்போது 'சீசரின் மனைவி' என்று எடுத்துவிடுகிறவர்கள் இந்தப் பகுதியை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

சஸ்பிஷனுக்கு எவரும் எதிர்பார்க்காத இன்னொரு பொருளும் இருக்கிறது: மிகச் சிறிய அளவு. 'எ சஸ்பிஷன் ஆஃப் எ ஸ்மைல்' என்றால் புன்னகையா இல்லையா என்று தெரியாத அளவுக்கு உதட்டோரத்தில் ஓர் அசைவு. சந்தேகமான சிரிப்பு என்று மொழிபெயர்த்தால் கதாபாத்திரத்தின் குணமே கெட்டுப்போகும். 'புன்னகையின் சாயல்' என்று எழுதலாம். 'அன்சஸ்பெக்டிங்' என்றால், தனக்கு நேரப்போவதை அறியாத, ஏதுமறியாத. மோசடிச் செய்திகளில் ஏமாந்தவர்களுக்கு முன்னால் இந்த அடைமொழி வந்து நிற்கும்.

பழைய ஆங்கிலப் புத்தகங்களைப் படிப்பவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. பதினாறு, பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் டவுட் என்ற வினைக்கு அஞ்சுவது, சஸ்பெக்ட் செய்வது என்ற பொருளும் இருந்தது. ஸ்காட்லாந்துப் பேச்சில் அது பிற்காலத்திலும் நிலைத்தது. அங்கே ஒரு முதியவர் வானத்தைப் பார்த்து 'ஐ டவுட் இட் வில் ரெயின்' என்று சொன்னால், மழை வந்துவிடும் போலிருக்கிறது என்று பொருள். லண்டன்காரர் அதே வாக்கியத்தைச் சொன்னால் மழை வராது. ஸ்காட்லாந்துக் கதை மாந்தர் பேசும் இடங்களில் டவுட்டைக் கண்டால், முன்னும் பின்னும் இரண்டு வரிகளைப் பார்த்துவிட்டுப் பொருள் கொள்ளுங்கள். பேசியவர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாரா என்பது பெரும்பாலும் அடுத்த வரியிலேயே இருக்கும்.